ரோதை முனி கொடுத்த உபயக்காரர்கள்

அந்த வியாழக்கிழமை காலை செல்வராணி வழக்கம்போல லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே உள்ள சந்தியில் வந்து நின்றாள். கையில் ஆஸ்பத்திரிப் பை. காதைச் சுற்றி மப்ளர். அவளை ஏற்றிப்போகிற என் வண்டியில் டீசல் இல்லை. அதைச் சொல்ல நான் நடந்து போனேன். நான் நடந்து வருவதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பஸ் வருகிற ரோட்டை நோக்கிக் குறுக்குப் பாதையில் இறங்கினாள். கொஞ்ச தூரம் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நடந்தாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் திங்களும் வியாழனும் நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தவறினால் முகம் வீங்கும், மூச்சு முட்டும். அதற்கு மேலும் தவறினால் உயிர் நிற்காது. இன்னும் நாற்பது வயதாகவில்லை. தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள்.

நான் லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நோயாளி வண்டி ஓட்டுகிறவன். ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு கொழும்பில் சாப்பாட்டுக் கடை, புத்தளத்தில் உப்பளம், வவுனியாவில் செங்கல் சூளை, பிறகு லொறி, அதற்கும் பிறகு கட்டாரில் தண்ணீர் பவுசர் என்று அலைந்தேன். எங்கேயும் என்னை யாரும் விரட்டவில்லை. நானேதான் கிளம்பிவிடுவேன். அம்மா அப்பா போன பிறகு, வேறொரு தோட்டத்தில் நான் பிறந்த லயக் காம்பராவும் வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. இந்தத் தோட்டத்துக்கு நான் வந்தது வண்டிக்காக மட்டும். மூடிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவில் படுத்துக்கொண்டேன். முன்பு தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போன இடம் அது. சுவரில் பூவும் கிளியும் வரைந்திருக்கும். ஒரு ஆள் இருமினால் அந்த அறை முழுவதும் கேட்கும். இருமுகிற ஆள் நான் மட்டும்தான்.

வண்டியை நடத்தியது ஒரு சின்னச் சங்கம். அதைத் தொடங்கியவர் நடேசன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே படிப்பிக்க வந்து, ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்குத் திரும்பாமல் இருந்துவிட்டவர். வெளிநாட்டில் இருந்த ஹென்றி என்ற வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர்தான் வேனை வாங்கிக் கொடுத்து, டீசலுக்கும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நன்றிக்காக வண்டியின் பக்கவாட்டில் நீளமாக, சிவப்பு எழுத்தில், ‘உபயம்: ஹென்றி ஐயா’ என்று எழுதியிருந்தது. முன்கண்ணாடியின் மேலேயும் அதையே ஒட்டியிருந்தது. தோட்டத்தில் எல்லோரும் ‘ஹென்றி வேன்’ என்றுதான் சொல்வார்கள்.

ஹென்றி ஐயா இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் கொஞ்ச காலம் அனுப்பினார்கள். பிறகு நின்றுவிட்டது. மாஸ்டர் எங்கெங்கோ எழுதினார். கண் மங்கிப்போனவர், தாளை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு எழுதுவார். பதில் வரவில்லை. நானும் அவரும் டீசலுக்கு உதவி கேட்டுத் தலவாக்கலைக் கடைகளில் ஏறி இறங்கினோம். தோட்டத்தில் லயம் லயமாகப் போனோம். தேத்தண்ணி கொடுத்தார்கள். உட்காரச் சொன்னார்கள். பேச்சை எடுத்தால் மட்டும் எங்கேயோ பார்த்தார்கள். ஒரு கடைக்காரர், அதுக்குத்தான் ஆள் இருக்காரே என்று சொல்லிவிட்டுத் தராசைத் துடைக்கப் போய்விட்டார்.

இதே ஆட்கள்தான் மாரியம்மன் திருவிழாவுக்கு அள்ளிக் கொடுக்கிறவர்கள். எனக்கு உள்ளுக்குள் கசந்தது. சாமிக்குத் தருவீர்கள், சாகக் கிடக்கிற மனுஷிக்குத் தரமாட்டீர்களா என்று நினைத்தேன். கேட்கவில்லை. வேற்றாள் நான். கேட்க எனக்கு என்ன உரிமை?

அந்த வியாழக்கிழமை மாலை மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நான் எழுதாத இடமில்லை. ஒருத்தரும் பதில் போடேல்லை. இந்த மாசத்தோட நிப்பாட்டுவம். நீ வேற வேலை பார்.”

வேறு வேலை பார்ப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்று கால் எழவில்லை. பஸ்ஸில் திரும்பி வந்த செல்வராணி ஏற முடியாமல் நிற்க, அவள் புருஷன் முத்தையா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறியதை நான் பார்த்திருந்தேன்.

எங்கள் தேயிலை ஃபெக்டரி மூடிப் பல காலமாகிறது. அதன் பின்னால் ரோதை முனி இருக்கிறார். ரோதை என்றால் சக்கரம். சக்கரம் சுற்றுகிற இடத்தில் காவல் நிற்கிற சாமி. முன்பு ஃபெக்டரி ஆட்களும் லொறிக்காரர்களும் அவரைக் கும்பிடாமல் இயந்திரத்தில் கை வைக்க மாட்டார்கள். ஃபெக்டரி மூடிய பிறகு அவருக்கு விளக்கு வைக்க ஆள் இல்லை. ஒரு சூலம், ஒரு கல், மேலே துருப்பிடித்த தகரம். நான் வண்டிக்காரன் என்பதால் வெள்ளிக்கிழமைகளில் போய்க் கழுவி, எலுமிச்சம்பழம் வைப்பேன். அவரும் தனியாள், நானும் தனியாள். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அதுவரை நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

மறுநாள் கேட்டேன். வாய்விட்டே கேட்டேன்.

“முனி, எனக்கு ஒண்ணும் வேணாம். இந்த வண்டிக்கு ஆளுங்களக் குடு. அந்தப் புள்ளயச் சாக விடாத.”

அழுதேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அழுதேன் என்று தெரியவில்லை.

அதற்கடுத்த நாள் பகலில் காற்று கிளம்பியது. ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் அடிக்கிற காற்று, லயத்துக் கூரைத் தகரத்தைக் கிழிக்கும். பிள்ளைக்காம்பராவுக்கு மேலே நின்ற டர்பன்டைன் மரம் முறிந்து என் வண்டி மேல் விழுந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது. முன்கண்ணாடி போயிற்று. உபயம் எழுதிய பக்கவாட்டுத் தகடு முழுவதும் நசுங்கிக் கிழிந்தது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கேட்டதற்கு இதுதான் பதிலா என்று முனியின் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. உடுப்பைப் பையில் போட்டுக் கட்டினேன். ஹட்டனில் இறங்கிக் கொழும்பு பஸ் பிடிப்பது என்று முடிவு செய்தேன்.

போகும் வழியில் முத்தையா வந்தான். திங்கட்கிழமைக்கு என்ன செய்வது என்று கேட்டான். என் பையைப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால் நான் போயிருப்பேன். நான் பையைத் திரும்ப அறையில் போட்டுவிட்டு மரக்கறி லொறிக்காரர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். திங்கட்கிழமை செல்வராணி லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். வியாழக்கிழமை அந்த லொறியும் கிடைக்கவில்லை. அன்று தவறியது. மறுநாள் அவள் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிக் கிடந்தாள். அடுத்த திங்கள் வரை அந்த உயிர் தாங்கியதே முனியின் காவலால்தான் என்பேன்.

அந்த வாரமே கடன் வாங்கிய டீசலில் வண்டியை ஹட்டனுக்குக் கொண்டுபோயிருந்தேன். அங்கே சுனில் பாஸ் என்று ஒரு தகரவேலைக்காரர். சிங்களவர். லொறி ஓட்டிய காலத்தில் பழக்கம். வண்டி எதற்கு ஓடுகிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தார். பழைய வேன் ஒன்றின் தகட்டை வெட்டிப் பொருத்தினார். கூலி வாங்க மாட்டேன் என்றார். ஆனால் பெயின்ட் அடிக்கத் தன்னிடம் வழியில்லை என்றும், சாம்பல் நிற அடிப்பூச்சோடு கொண்டுபோய் ஓட்டு என்றும் சொன்னார்.

சனிக்கிழமை சாம்பல் நிற வண்டியோடு தோட்டத்துக்குள் வந்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். பேச்சியம்மா என்பவர் கையை நீட்டி வண்டியை மறித்தார். மேல்கணக்கில் அவர் சொன்னால் ஆம்பிளைகளும் அடங்குவார்கள். கணக்கு என்று நாங்கள் சொல்வது தோட்டத்தின் ஒரு பிரிவை.

“இது யாரு வண்டி?”

“நம்ம வேன்தாங்க. பேரு போயிருச்சு.”

“அப்ப ஹென்றி ஐயா மறுபடி எழுதச் சொல்லலையா?”

“அவரு செத்து ரெண்டு வருஷமாச்சுங்க. இப்ப இது யாரு வண்டியும் இல்ல. இந்த மாசத்தோட நிக்குது.”

கொழுந்துச் சாக்கைத் தூக்கியிருந்தவர்கள் கீழே வைத்தார்கள். பேச்சியம்மாவின் முகம் மாறியது.

“ஏன்யா சொல்லல?”

“வீடு வீடா வந்து கேட்டோமேங்க.”

“நீங்க கேட்டீங்க. அவரு செத்துட்டாருன்னு சொல்லலையே. வண்டியில அந்த மனுஷன் உபயம்னு போட்டிருக்கு. அடுத்தவங்க உபயத்துல நாங்க கைய வெக்கலாமா? அவருக்கு முடியலன்னு ஊரே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிராது?”

நானும் இந்த மலையில் பிறந்தவன்தானே. எனக்கு ஏன் தோன்றவில்லை? திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கின் உபயம், அல்லது ஒரு குடும்பத்தின் உபயம். அந்த நாளில் பூவோ, பொங்கலோ, எண்ணெயோ குறைந்தாலும் அடுத்தவர் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். வைத்தால் அவமானம். சண்டையே வரும். அந்த மரியாதையைத்தான் இவர்கள் முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் அதைக் கல்நெஞ்சு என்று நினைத்துக் கசந்துகொண்டிருந்தேன். முனி எங்களுக்கு ஆட்களை எப்போதோ கொடுத்துவிட்டார். அவர்களுக்கு வழியை மறித்து நின்றது நாங்கள் எழுதிய எழுத்து. மரத்தைத் தள்ளி அவர் அழித்தது அதைத்தான். இப்படித்தான் நான் நம்புகிறேன்.

அந்த ஞாயிறு கோயிலடியில் கூட்டம் கூடியது. மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனேன். பேச்சியம்மா சுற்றி வளைக்கவில்லை. திருவிழாவைப் பிரிப்பதுபோல வண்டி ஓடுகிற நாட்களைப் பிரிப்போம் என்றார். யாருடைய நாளோ அந்த நாளின் டீசல் அவர்களுடையது. உடனே மேல்கணக்கும் கீழ்க்கணக்கும் வியாழக்கிழமைக்குச் சண்டை பிடித்தன. செல்வராணி எங்கள் கணக்கில் இருக்கிற பிள்ளை என்றார்கள் இவர்கள். அவளைப் பெற்றது எங்கள் லயம் என்றார்கள் அவர்கள். செல்வராணி ஓரமாக உட்கார்ந்து, தன்னை ஏலம் போடுகிறார்கள் என்று சிரித்தாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொழும்பில் ஹோட்டல்களில் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகளுக்கு யாரோ வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள். திங்கட்கிழமையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிறந்த தோட்டத்தில் தங்களுக்கென்று ஒரு நாள் இருக்கட்டும் என்றார்களாம்.

பிறகு ஒரு சோதனை வந்தது. தலவாக்கலையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி வந்தார். நான்கு டயரும் புதிதாகப் போட்டுத் தருகிறேன், என் அப்பா பெயரை வண்டியில் எழுதுங்கள் என்றார். எங்கள் டயர் வழுக்கைத் தலைபோல இருந்தது. மாஸ்டருக்கும் ஆசை.

“நாலு டயர் எண்டால் சின்ன விசயமே, தம்பி?”

பேச்சியம்மாவிடம் கேட்டோம். பெயர் எழுதினால் மறுபடி அது அவர் உபயமாகிவிடும், பிறகு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். முதலாளியிடம் முடியாது என்று சொல்ல நான்தான் போனேன். பெயரில்லாமல் கொடுக்க நான் என்ன சாமியாரா என்று கேட்டுவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். ஆனால் அவருடைய கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிற எங்கள் தோட்டத்து இளைஞர்கள் சேர்ந்து சனிக்கிழமையை எடுத்தார்கள். பழைய டயர்தான், ஆனால் நல்ல டயர் இரண்டு கொண்டுவந்து அவர்களே மாட்டினார்கள். மற்ற இரண்டும் இன்னும் வழுக்கைதான். ஓடுகிறது.

செல்வராணி இருக்கிறாள். நோய் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். திங்களும் வியாழனும் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறாள். ரோதை முனிக்கு இப்போது விளக்கு வைக்க ஆள் வருகிறார்கள். தகரத்தை மாற்றியிருக்கிறார்கள்.

நாட்களையெல்லாம் பிரித்து முடித்தபோது ஞாயிறு மட்டும் மிஞ்சியது. அன்று வண்டி ஓடாது. அவசரம் வந்தால் மட்டும் எடுப்போம். அந்த நாளை யாரும் கேட்கவில்லை. அப்போது செல்வராணி சொன்னாள்:

“ஞாயித்துக்கெழம ஒனக்குண்ணே. ஒனக்குன்னு ஒரு நாள் இருந்தா நீ எங்கயும் போக மாட்ட.”

எனக்கு லயம் இல்லை, கணக்கு இல்லை. எந்தக் கோயிலிலும் எனக்கு ஒரு நாள் இருந்ததில்லை. கூட்டத்தில் யாராவது மறுப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். யாரும் மறுக்கவில்லை.

இன்னும் நான் தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறேன். இரவில் அந்த அறை அதே அளவு பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பையைக் கட்டவில்லை. இதைப் படிக்கிற உங்களில் யாராவது நான் இருந்த இடத்தில் இருந்தால், சாமியிடம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்ட பிறகு தலைமேல் மரம் விழுந்தாலும் ஓடிவிடாதீர்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். எங்கள் பக்கம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அன்று வண்டிக்குப் பக்கத்தில்தான் இருப்பேன். அது என் உபயம்.