வண்டிக்கு அடியில் அவர்

எங்களுக்குக் கோத்தகிரியில் வர்க்கி பிஸ்கட் சுடும் பேக்கரி. அடுப்பை விட்டு நாலு நாள் சேர்ந்தாற்போல் வெளியூர் போனதில்லை. மகள் கல்யாணமாகிப் போன பிறகு என் கணவருக்கு ஓர் ஆசை வந்தது. வேனுக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு கடலோரமாகப் போக வேண்டும் என்றார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஏதோ ஓர் எஸ்டேட்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் வேனைப் பிடித்து வந்தார். சேற்றிலும் ஏற்றத்திலும் நாலு சக்கரமும் இழுக்கும். அதற்கென்று கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருந்தது. அதைப் பற்றி எங்கள் இருவருக்குமே சரியாகத் தெரியாது.

கீழ் கோத்தகிரியில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. வாசலிலிருந்து மண்பாதை இறங்கும். அது முடிகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் தேயிலை. வேன் வீட்டைப் பார்த்தபடி நிற்கும். ஹேண்ட் பிரேக்கை அவ்வளவாக நம்ப முடியாது என்பதால் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல்லும் வைப்பார்.

தச்சரை வைத்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கூரைவரை அலமாரி அடித்தோம். அதோடு பின்னாலிருந்து முன்னால் போகும் வழி அடைபட்டது. பக்கக் கதவுக்குப் பலகை அடிப்பதற்காக உட்புறக் கைப்பிடியையும் கழற்றியிருந்தோம். அதெல்லாம் ஒரு குறையாகவே அப்போது தோன்றவில்லை.

அன்று காலையிலிருந்தே சாரல். நான் உள்ளே திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். நனையக் கூடாதென்று அவர் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பொருத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார்.

"ஏனுங்க, மழை நிக்கட்டுங்க. அப்புறம் பாத்துக்கலாம்."

"ரெண்டு நட்டுதான் புள்ள. முடிச்சுட்டு வந்து சாப்புடறேன்."

என் காலுக்குக் கீழே ஸ்பேனர் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று தரை நழுவியது. தலைசுற்றல் என்றுதான் நினைத்தேன். பலகை மேல் வைத்திருந்த ஊசிப் பெட்டி தானாகச் சறுக்கி விழுந்தபோதுதான் புரிந்தது. தட்டுகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது.

"வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்தினேன். அலமாரியைக் கையால் அறைந்தேன். அதற்கு அந்தப் பக்கம் ஹேண்ட் பிரேக் இருக்கிறது. வண்டி வேகம் பிடித்தது. அடியில் எதையோ தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தது. அது அவர்தான் என்று நினைத்தேன். அந்தச் சத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

தேயிலைச் செடிகளில் பின்பக்கம் புதைந்து வண்டி சாய்ந்து நின்றது. கூப்பிட்டேன். பதில் இல்லை. பக்கக் கதவுக்கு உள்ளே கைப்பிடி இல்லை. செடி அழுத்தியதால் பின்கதவும் திறக்கவில்லை. ஃபேன் வைக்கக் கூரையில் வெட்டிய ஓட்டை ஒன்று தார்ப்பாய் மூடிக் கிடந்தது. படுக்கைப் பலகை மேல் ஏறி, தார்ப்பாயைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினேன்.

அவர் மேலே பாதையில் மல்லாந்து கிடந்தார். அசைவில்லை. பார்க்கவும் பயம், கண்ணை எடுக்கவும் பயம். என் சத்தம் கேட்டுக் கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி ஓடிவந்தாள்.

"யாருக்கா உள்ள? அடி பட்டுருச்சா?"

"என்னைய விடும்மா. அவரப் போய்ப் பாரு."

அவள் பாதையில் ஏறிப் போய் அவர் பக்கத்தில் குனிந்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் திரும்பும்வரை எனக்குச் சாமி பெயர்கூட வாயில் வரவில்லை.

"மூச்சிருக்குக்கா. கண்ணு முழிக்கிறாரு."

அவள் வந்து பக்கக் கதவை வெளியிலிருந்து திறந்துவிட்டதும் ஓடினேன். அவர் வாயெல்லாம் மண். "நீ உள்ள இருந்தியே" என்றார்.

கழுத்துக்குக் கீழே காறை எலும்பு முறிந்திருந்தது, தோளில் தோல் உரிந்திருந்தது. நேராகப் படுத்திருந்ததால் சக்கரங்கள் இரண்டு பக்கமும் விலகிப் போய்விட்டன. இழுபட்டு வந்தது தண்ணீர்த் தொட்டி. அன்று காலை சீட்டுக்கு அடியில் பேட்டரி வைத்தபோது அந்தக் குட்டைக் கம்பி இடிபட்டு நடுவுக்கு வந்திருக்கிறது. அது நடுவில் இருந்தால் கியர் போட்டும் பயனில்லை, சக்கரம் தடையில்லாமல் உருளும் என்று கேரேஜில் சொன்னார்கள். தொட்டியை வண்டிக்கு அடியில் தள்ளுவதற்காகக் கல்லை எடுத்ததும் அவரேதான்.

"வித்துடலாமுங்க" என்றேன். அவர் மறுக்கவில்லை. அவருக்கும் பயம்தான், பல வாரம் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. கை சரியான பிறகு ஒருநாள், "ஒருக்கா கடலப் பாத்துட்டு வந்து வித்துடலாம்" என்றார். அலமாரியில் ஆள் நுழையும் அளவுக்கு வெட்டி வழி விட்டோம். கைப்பிடியை மாட்டினோம். ஹேண்ட் பிரேக்கைப் புதிதாகப் போட்டோம்.

மலை இறங்கும் வரை நான் கதவுக் கைப்பிடியை விடவில்லை. தூத்துக்குடி தாண்டி ஒரு கடற்கரையில் நிறுத்தினார். சாப்பிட்டுவிட்டு அவர் பின்னால் படுத்துத் தூங்கினார். நான் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து பிரேக்கில் காலை வைத்து அழுத்திக்கொண்டேன். தரை சமமாகத்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும். ஒரு கால் மரத்துப்போகும்போது மறு காலை மாற்றிக்கொண்டேன்.

எழுந்து வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "காலை எடு புள்ள, நான் வெச்சுக்கறேன்" என்றார்.