அம்மா சொன்ன பொய்யும் பதினேழு புத்தகங்களும்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு புத்தகத்துக்கு உறை போட்டது. 2008 ஜனவரி 26, சனிக்கிழமை. மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுச் சமையலறை மேசை. போன வருடத்து மாதாக் கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து அம்மா வெட்டினார். மடிப்புக்கு எவ்வளவு விடவேண்டும் என்று நான் அளந்து சொன்னேன்.

"ஐஞ்சு சென்ரிமீற்றர்."

"லிஃப்ட் திருத்தப் போற இடத்தில அள. இதுக்குக் கண் காணும்."

கண் போதவில்லை. ஒரு பக்கம் கட்டையாகிவிட்டது. ஒட்டுப்போட்டுச் சரிசெய்தோம். தேத்தண்ணி குடித்தோம். செவ்வாய்க்கிழமை காலை அம்மாவுக்கு மூளையில் இரத்தக்கசிவு. வியாழக்கிழமை இறந்தார். வயது அறுபத்திரண்டு.

பெயர் அல்போன்சம்மா. மன்னார், பேசாலை. அப்பா கடலில் இறந்துபோன அடுத்த வருடம், 1990இல், என்னைக் கூட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தார். துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் பெட்டி கட்டும் வேலை. பதினாறு வருடம். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. பெட்டியில் ஒட்டுநாடா நேராக ஒட்டுப்பட்டால் அன்றைக்கு வீட்டில் பாட்டுக் கேட்கும்.

அங்கே அவரோடு ஒரே மேசையில் வேலை செய்தவர் யோலான்ட். ஹெயிட்டி நாட்டுப் பெண். அம்மாவை விட இரண்டு வயது மூத்தவர்.

2000ஆம் ஆண்டு மாரிகாலம். சாப்பாட்டு அறையில் இருந்தது ஒரே ஒரு மைக்ரோவேவ். யோலான்ட் தன் சோற்றைச் சூடாக்கிக்கொண்டு நின்றார். பின்னால் அம்மாவும் மூன்று தமிழ்ப் பெண்களும்.

"இந்தக் கறுவல் ஒருநாளும் எங்களை முன்னுக்கு விடாது," என்றார் அம்மா.

கறுப்பு மக்களை எங்கள் ஆட்கள் இழிவாகச் சொல்லும் சொல் அது. எங்கள் வீட்டிலும் புழங்கியது. நானும் சொல்லியிருக்கிறேன்.

யோலான்ட் திரும்பி, பிரெஞ்சில் கேட்டார்: "அந்தச் சொல் நான்தானே? ஆறு வருஷமாகக் கேட்கிறேன். அது வரும்போதெல்லாம் நீங்கள் நாலு பேரும் என்னைப் பார்க்கிறீர்கள்."

அம்மா பயந்துபோனார். தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், அது 'அக்கா' என்று பொருள் தரும் மரியாதைச் சொல் என்று பொய் சொன்னார்.

"அப்படியா? நல்ல சொல்."

அடுத்த நாள் காலை, உடுப்பு மாற்றும் அறையில் எல்லோருக்கும் கேட்க, யோலான்ட் அம்மாவைப் பார்த்து, "பொன்ஜூர், கறுவல்!" என்றார். ஐந்து நாள் அப்படித்தான். தமிழ்ப் பெண்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே ஓடினார்கள். அம்மா ஐந்து நாளும் "பொன்ஜூர்" சொன்னார். வேறு வழி இல்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் யோலான்ட் ஒரு மெல்லிய புத்தகத்தைக் கொண்டுவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். "இதை வாசி. பிறகு அந்தச் சொல்லைப் பற்றிக் கதைப்போம்." அதன்பின் அவர் வாயில் அந்தச் சொல் வரவில்லை.

அது பிள்ளைகளுக்கு எழுதிய புத்தகம். இதே மொன்றியலில் ஒரு காலத்தில் பணக்கார வீடுகளில் அடிமைகள் இருந்ததைப் பற்றியது. அடுத்தவரின் புத்தகம் ஊத்தையாகக்கூடாது என்று அம்மா முதலில் உறை போட்டார், பேசாலைப் பள்ளிக்கூடத்தில் போட்டதுபோலவே. பிறகு என் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தார். அறுபது பக்கத்துக்கு மூன்று மாதம். திருப்பிக் கொடுத்தபோது யோலான்ட் உறையைப் பார்த்தார். கலண்டர் தாளில் குழந்தை யேசுவோடு அந்தோனியார்.

"உன் புனிதர்களுக்குள் எங்கள் ஆட்களை ஒளித்துவைத்திருக்கிறாயே!" என்று சிரித்து, உறையோடு வாங்கி, அடுத்த புத்தகத்தைத் தந்தார். கதைப்போம் என்ற பேச்சை எடுக்கவில்லை. அம்மாவும் எடுக்கவில்லை.

எட்டு வருடத்தில் பதினேழு புத்தகங்கள். வேலையை விட்ட பிறகும் மாதம் ஒருநாள் ஜோன்-தலோன் மெத்ரோ நிலையத்தில் சந்தித்து மாற்றிக்கொண்டார்கள். வாசித்ததை அம்மா சாப்பாட்டு மேசையில் எனக்குச் சொல்வார்.

"பிள்ளை, இதைக் கேள். ரயில்ல படுக்கை விரிச்சுக் குடுத்த கறுப்பு ஆக்கள் எல்லாரையும் ஒரே பேராலதான் கூப்பிட்டிருக்கிறாங்கள். சொந்தப் பேரை ஒருத்தரும் கேக்கேல்லை."

"அம்மா, கறி ஆறுது."

"ஆறட்டும். உனக்கு ஒரு பேர் வைக்க நான் ஒம்பது மாசம் யோசிச்சனான்."

2005 ஆடியில் பங்கு மக்கள் பஸ் பிடித்து றிகோ மாதா கோயிலுக்குப் போனோம். பயணத்தை ஒழுங்கு செய்தவர் நீக்கிலாப்பிள்ளை அண்ணை. பஸ் பிந்திவிட்டது. சாரதி கறுப்பர். அண்ணை அந்தச் சொல்லைச் சொல்லித் திட்டினார். அம்மா எழும்பினார்.

"அண்ணை, உதை இன்னொருக்காச் சொன்னா நான் இறங்கி நடந்து போவன்."

"றிகோவுக்கோ? ரெண்டு நாள் செல்லும் அல்போன்சம்மா."

"செல்லட்டும். கையில புத்தகம் இருக்கு."

பஸ் முழுக்கச் சிரிப்பு. அண்ணை விடவில்லை. "எங்களையும் வெள்ளையள் ஏதோ சொல்லுறாங்கள்தானே?"

"ஓம். அப்ப உங்களுக்கு நோகேல்லையோ?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். திருந்தினார் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் அம்மா ஏறிய பஸ்ஸில் பிறகு ஒருநாளும் அதைச் சொல்லவில்லை. அம்மா அன்றைக்கு மாதாவுக்கு முன்னால் பெரிய மெழுகுதிரியாகக் கொளுத்தினார். வரும் வழியெல்லாம் முகம் மலர்ந்திருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்டேன். "அண்ணைக்குச் சொன்னீங்கள். யோலான்டுக்குச் சொல்லிட்டீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. சொல்லுக்கு மன்னிப்புக் கேக்கலாம். 'அக்கா' எண்டு பொய்யும் சொல்லிப்போட்டன். அதுதான் வெக்கம்."

"பாவசங்கீர்த்தனத்தில சொன்னனீங்கள்தானே?"

"சொன்னனான். பாதர் மன்னிச்சிட்டார். பாதரையோ நான் கறுவல் எண்டனான்?"

அம்மாவின் வாழ்க்கையில் தீராமல் கிடந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. வீட்டு வாடகை, என் வேலை, முழங்கால்கூட.

இந்த ஜனவரியில் யோலான்ட் முதன்முறையாக அம்மாவை வீட்டுக்கு அழைத்தார். பெப்ரவரி 10, ஞாயிறு, பகல் சாப்பாடு. அம்மா முடிவெடுத்துவிட்டார்.

"சாப்பிட முன்னம் சொல்லிப்போடுவன். வாயில சோத்தோட சொல்லேலாது."

பிரெஞ்சில் இரண்டு வசனம் எழுதிக்காட்டினார். 'அந்தச் சொல்லுக்கு அக்கா என்று பொருள் இல்லை. நான் பொய் சொன்னேன், என்னை மன்னி.' ஒரு பிழை இருந்தது. திருத்தினேன். சத்தமாக நாலு தரம் வாசித்தார். நாலாவது தரம் நிறுத்தாமல் வந்தது. "பார், நல்லா வருது," என்று சந்தோஷப்பட்டார்.

அம்மாவின் உடலைப் பார்வைக்கு வைத்த அன்று யோலான்ட் வந்தார். அம்மாவின் கையைப் பிடித்தபடி கனநேரம் நின்றார். போகும்போது என்னிடம், "ஞாயிற்றுக்கிழமை நீ வா. சமைக்கத்தான் போகிறேன்," என்றார். அந்தச் சொல் அவருக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இன்று வெள்ளிக்கிழமை. நாளை மறுநாள் யோலான்டின் வீடு. ஹென்றி-புறாசா மெத்ரோவில் இறங்கி, பஸ் எடுத்து, மொன்றியல்-நோர். மூன்றாம் மாடி. பகல் பன்னிரண்டரை. சொல்லவேண்டியது இரண்டு வசனம்.