தொட்டிக்குள் தெரிந்த சிவப்புக் கம்பி

மலை நகரமான பிரிஞ்சாங்கின் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. காதுக்கு எட்டாத ஒலியைக் கண்ணுக்குக் காட்டும் சோதனை ஒன்றை வருஷா வருஷம் செய்வேன். கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் மீயொலியைச் செலுத்தி, குறுக்கே லேசர் ஒளியை விட்டால், சுவரில் விழும் ஒற்றைச் சிவப்புப் புள்ளி பல புள்ளிகளாகப் பிரியும். அவற்றின் இடைவெளியை அளந்து ஒலியலையின் நீளத்தைக் கணக்கிடலாம்.

காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நான் வாங்கியதே இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு மலை ஓடையிலிருந்து நேராகக் குழாயில் வருகிற தண்ணீரை பாட்டிலில் பிடித்து வருவேன். அதைவிடச் சுத்தமாக எது இருக்கிறது? லைன்காரர்கள் எல்லாருக்கும் இந்தத் திமிர் உண்டு.

இந்த முறை புள்ளிகள் மங்கலாக விழுந்தன. தொட்டியைச் சரியாகத் துடைக்கவில்லை என்று ஆய்வக உதவியாளர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் மலைக்குக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் லெம்பா பெர்த்தாம்காரர். வெள்ளத்தோடு சேறு வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்தவர். தொட்டியைக் காட்டினார். நல்ல தண்ணீரில் லேசர் போகும் தடம் அவ்வளவாகத் தெரியாது. இதில் பழுக்கக் காய்ச்சிய கம்பி மாதிரி தெரிந்தது.

"மண்ணு, டீச்சர். பொடி மண்ணு."

"மழை பெஞ்சா ஓடை கலங்கும் லா," என்றேன் எரிச்சலோடு.

"மழை பெஞ்சு எட்டு நாளாச்சு, டீச்சர்."

எங்கள் லைனுக்கு நேர் மேலே, காய்கறி போட மலையை வெட்டியிருக்கிறார்கள். மழையே இல்லாமல் மண் வருகிறதென்றால், அந்தச் சரிவு உள்ளுக்குள் இளகத் தொடங்கிவிட்டது. வெயில் நன்றாக அடித்தது. அம்மா அந்நேரம் லைன் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார்.