ஐந்து பெயர்களும் இரண்டு துடுப்புகளும்

எனக்கு ஐந்து பெயர்கள். அடையாள அட்டையில் இருப்பதை இதில் சேர்க்கவில்லை. அதை வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும்தான் கூப்பிடுகிறார்கள். ஐந்தும் நானாக எனக்கு வைத்துக்கொண்டவை.

கணினியில் இசை செய்கிறவர்களிடம் இப்படியொரு வழக்கம் உண்டு. ஆடுவதற்கான தாளம் என்றால் ஒரு பெயர், படுத்துக்கொண்டு கேட்கிற மெல்லிய சத்தம் என்றால் வேறொரு பெயர். பெரிய ஆட்கள் சிலர் பத்துப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். ஒரு பெயரில் கிடைத்த புகழ் மற்றப் பெயருக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்பதுதான் காரணம். எனக்குத் தொந்தரவு தர எந்தப் பெயரிலும் புகழ் இருக்கவில்லை. ஆனாலும் இந்தக் கலையில் நான் கரைத்துக் குடித்தது இந்த ஒரு பாடத்தை மட்டும்தான்.

முதற்பெயர் ஒரு கடற்பறவை, பின்னால் மூன்று இலக்கங்கள். இரண்டாவது ஒரு பெண் பெயர். பெண் என்றால் கொஞ்சம் அன்பாகப் பேசுவார்கள் என்று நினைத்தேன், பேசவில்லை. மூன்றாவதை எனக்கே வாய்விட்டுச் சொல்ல வராது. இணையத்தில் ஒருவர் போடும் இசையை மற்றவர் வந்து பாராட்டுவார். ஒருமுறை மூன்றாமவர் நாலாமவரைக் கொஞ்சம் கடுமையாக விமர்சித்துவிட்டார். எனக்கு இரண்டு நாள் மனம் சரியில்லை.

பகலில், எங்கள் ஊர் முந்தலில், எனக்கொரு கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் கொடுப்பது தொழில். என் பெயர்களைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி.

“உங்கட ஒரு பேருக்கே ஒழுங்கா வேல நடக்குதில்ல. மத்த அஞ்சு பேருக்கும் நான் எப்பிடிச் சோறு போடுற?” என்பாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்கட ஊட்டாக்களுக்கு மட்டும் சொல்லிராதீங்க. மாப்பிள்ளைக்கு விசர் எண்டு நினைப்பாங்க” என்பாள்.

ஐந்தாவது பெயர் பிறந்தது ஆலங்குடாவில். காற்றுப் பருவத்தில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வருகிற வெளிநாட்டவர்களுக்கு அங்கே ஹோட்டல்களில் மாலையில் இசை போடுவார்கள். ஒரு ஹோட்டலுக்குப் போய் என் இசையைக் கேட்கக் கொடுத்தேன். அங்கிருந்தவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எந்த ஊர் என்று விசாரித்தார். முந்தல் என்றேன். ஆட்டிய தலை நின்றுவிட்டது.

“வெளிநாட்டாக்களுக்கு வெளிநாட்டு ஆள் எண்டாத்தான் சரி வரும், தம்பி” என்றார்.

சரி, வெளிநாட்டு ஆள்தானே வேண்டும் என்று வீட்டுக்கு வந்து ஒருவரைச் செய்தேன். வடக்கே, வருடத்தில் பாதி நாள் பனி பெய்யும் ஒரு துறைமுக நகரத்தில் அவர் தனியாக வசிக்கிறார். கைவிடப்பட்ட தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சத்தங்களைப் பதிவு செய்கிறார். அதிகம் பேசமாட்டார். நான் பனியைப் பார்த்தது குளிர்பெட்டிக்குள் மட்டும்தான்.

அவருடைய தொழிற்சாலை உண்மையில் என் மச்சானின் மூன்றாம் குளம். மச்சான் என்றால் மனைவியின் நானா, அவளுடைய அண்ணன். உப்புநீர்க் களப்போரத்தில் மூன்று குளம் எடுத்து இறால் வளர்க்கிறார். இறால் குளத்தில் தண்ணீரை அடித்துக் காற்றேற்ற மோட்டார் பூட்டிய சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருநாள் மோட்டார் பார்க்கப் போயிருந்தபோது மூன்றாம் குளத்துச் சக்கரத்தில் இரண்டு துடுப்புகள் உடைந்திருந்தன. சத்தம் நொண்டியது. மூன்று அடி ஒழுங்காக விழும், நாலாவது பிந்தி, இழுத்துக்கொண்டு வரும். அந்த நாலாவது அடியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெறும் மாஜரின் டப்பாவுக்குள் கைபேசியை வைத்துக் குளக்கட்டில் வைத்துவிட்டு, மோட்டாரைப் பரிசோதிப்பதுபோல நின்றேன்.

பதிவின் நடுவே மோட்டார் சூடாகி நின்றுவிட்டது. சட்டென்று ஒரு அமைதி. பிறகு மச்சான் ஓடிவரும் காலடிகள், சுவிச்சின் சொடக்கு, மறுபடியும் சக்கரம். அதை வெட்டி எடுக்கச் சோம்பல்பட்டு அப்படியே விட்டேன். சத்தத்தை மெதுவாக்கி, கீழே கொஞ்சம் இருட்டுச் சேர்த்து, ஐந்தாவது பெயரில் போட்டேன்.

முதல்முறையாக ஆட்கள் கேட்டார்கள். நாலாவது நிமிடத்தில் வரும் அமைதிக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று ஒருவர் எழுதினார். அந்தக் காலடிகள் நடனக்காரருடையவையா என்று இன்னொருவர் கேட்டார். பழைய நண்பர் ஒருவர் என்று ஐந்தாமவர் பதில் போட்டார். வெளிநாட்டிலிருந்து சிறியதொரு இசை வெளியீட்டு நிறுவனம் கடிதம் எழுதியது. அதே தொழிற்சாலையில் இன்னும் மூன்று பதிவுகள் ஒரு மாதத்துக்குள் தந்தால் இசைத்தட்டாக வெளியிடுவார்களாம். அன்று முழுவதும் கடையில் புதுமாப்பிள்ளைபோல நடந்தேன்.

அந்த வாரமே மச்சான் கடைக்கு வந்தார்.

“துடுப்பு ரெண்டு போயிரிச்சு. மோட்டர் சூடாகி சூடாகி நிக்கிது. ஒருக்கா மாத்தித் தாங்க, மச்சான்.”

சிலாபத்தில் அந்தத் துடுப்புகள் கிடைக்கும். அடுத்த நாளே வாங்கி வந்துவிட்டேன். வாங்கி வந்து, கடை மேசைக்குக் கீழே, பழைய கம்பிச் சுருள்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். மச்சான் கேட்டதற்கு, “இன்னும் வரல்ல” என்றேன். துடுப்பு மாறினால் நொண்டல் போய்விடும். நொண்டல் போனால் ஐந்தாமவர் செத்தார்.

சக்கரம் நின்றால் இறால் சாகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மச்சான் சாப்பிடும்போதும் பேசும்போதும் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். “தொழுகையிலயும் ஒரு காது கொளத்துலதான் நிக்கிது, அல்லாஹ் மன்னிக்கணும்” என்று அவரே சொல்வார். அந்த அறுவடையை நம்பி வீட்டின் பழைய கூரையைப் பிரித்துவிட்டு, மாரிக்கு முன் புதுக்கூரை போடக் காத்திருந்தார். மேலே தறப்பாள் கட்டியிருந்தது. இத்தனையும் தெரிந்துகொண்டுதான் நான் மோட்டார் பார்க்கிற சாட்டில் டப்பாவோடு போய்வந்தேன். போகும்போதெல்லாம் மச்சான் இஞ்சி போட்டுப் பிளேன்டி ஊற்றித் தந்தார்.

ஒன்பதாம் நாள் விடியப் போனபோது இறால்கள் கரையோரம் ஏறி, தண்ணீரின் மேல் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றன. செத்தவற்றை மச்சான் வலையால் அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். அரை வாளி நிறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும், நான் கவலைப்படுவேனென்று நினைத்தோ என்னவோ, “நீங்க என்ன செய்யிற, சாமான் வராட்டி” என்றார்.

என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த நாள் காலை துடுப்புகளை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்றுதான் போனேன். ஆனால் என் துணிச்சல் தவணை முறையில் வருவது. முதலில் இசையைக் கேட்க வைப்போம், பிடித்திருந்தால் நான்தான் என்று சொல்வோம், பிறகு துடுப்புக் கதைக்கு வருவோம் என்று திட்டம் போட்டேன். குளத்துக் காவல் வாடிக் குடிசைக்குள் மச்சான் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கைபேசியை நடுவில் வைத்து, சத்தத்தை முழுக்கக் கூட்டிப் போட்டேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது நிமிடம் வந்தது. அமைதி விழுந்தது.

மச்சான் கையிலிருந்த பாணைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். வெளியே அவருடைய செருப்புச் சத்தம் குளக்கட்டு வழியே போய்க்கொண்டிருந்தது. அதே நேரம் கைபேசிக்குள்ளும் அவருடைய செருப்புச் சத்தம் ஓடிவந்தது. இரண்டுக்கும் நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் என் இசையை அப்படிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். சக்கரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“யாருட இது?”

“ஐரோப்பாக்காரர் ஒராள்” என்றேன். “பழைய பெக்டரியொண்டுல எடுத்ததாம்.” ஐந்தாமவர் அப்போதும் என் வாய்க்குள்ளிருந்து வெளியே வந்து நின்றார்.

“பாவம் அந்த மனிசன். அவருட மோட்டரும் நிண்டு நிண்டுதான் ஓடுது. துடுப்ப மாத்தச் சொல்லுங்க. இன்னொருக்கா போடுங்க பாப்பம்.”

இரண்டாம் முறை அசையாமல் இருந்து கேட்டார். அமைதி வந்தபோது கை மட்டும் முழங்காலை இறுக்கிப் பிடித்தது. பிறகு காலடிகள். ஒரு செருப்பு மற்றதைவிடப் பலமாக அடிக்கும். மச்சான் குனிந்து தன் காலைப் பார்த்தார். வலது செருப்பின் வார் அறுந்து நைலோன் நூலால் கட்டியிருந்தது.

“இது என்ட செருப்பு” என்றார்.

நான் கைபேசியை நிறுத்தினேன். அவர் வாசலில் நான் சாத்தி வைத்திருந்த துடுப்புகளைப் பார்த்தார். பொலித்தீன் உறையில் கடைத்தூசு நன்றாகப் படிந்திருந்தது.

“சாமான் எப்ப வந்திச்சு, மச்சான்?”

ஐந்து பெயர் வைத்திருந்தேனே, அந்த நேரத்தில் ஒருவராவது முன்னுக்கு வரவில்லை. டப்பா முதல் துடுப்பு வரை எல்லாவற்றையும் நானே சொன்னேன்.

அவர் ஏசவில்லை. ஸ்பேனரை எடுத்து நீட்டினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துடுப்புகளை மாற்றினேன். சக்கரம் ஒழுங்காகச் சுற்றியது. அவ்வளவு நேரான, எனக்கு அவ்வளவு பிரயோசனமில்லாத சத்தத்தை நான் கேட்டதில்லை.

மிஞ்சிய இறாலை மச்சான் வளருமுன்னே பிடிக்க வேண்டியதாயிற்று. கூரை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. நிறுவனத்துக்கு அடையாள அட்டைப் பெயரில் உண்மையை எழுதினேன்: ஐந்தாமவர் நான்தான், அது தொழிற்சாலையல்ல, முந்தலில் ஒரு இறால் குளம், திருத்தியாகிவிட்டது. பதில் இரண்டே வரி. அறிமுகமில்லாத கலைஞர்களை இப்போது எடுப்பதில்லையாம். ஐந்தாமவரைச் சந்தித்தால் தங்கள் அன்பைத் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள்.

மாரி தொடங்கியதும் மச்சான் எங்களைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். சோறு போடும்போது மழை பிடித்தது. தலைக்கு மேலே தறப்பாள் முழுக்க ஒரே தாளமாக விழுந்தது. பள்ளமான ஒரு மூலையில் தண்ணீர் சேர்ந்து, பாரம் தாங்காமல், ஒவ்வொரு முறையும் சற்றுப் பிந்திச் சரிந்தது. என் விரல்கள் சாப்பாட்டுக் கோப்பையின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மனைவி கவனித்துத் தலையைக் குனிந்துகொண்டாள். மச்சானும் கவனித்தார்.

“டப்பாவக் கொண்டு வரல்லயா, மச்சான்?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். டப்பா வெளியே மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருந்தது.