வெள்ளம் அறிவித்த ஆட்டோ

மைக் செட் ஆட்டோ ஓட்டுதவன் குரலு ஊரு முழுக்கக் கேக்கும், ஆனா என்ன சொன்னான்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. இருவது வருசமா இதுதான் என் பொழப்பு. துணிக்கடைத் தள்ளுபடி, சர்ச் கன்வென்ஷன், கோயில் கொடை, சாவு அறிவிப்பு, காணாமப்போன பசு எல்லாம் இந்தத் தொண்டை வழியாத்தான் போயிருக்கு. மத்தியானம் நீங்க கண்ணசரும்போது உங்க வாசல்லயும் ஒரு நாள் கத்தியிருப்பேன். என்னை ஏசாதவிய யாராவது இருந்தா கை தூக்குங்க.

கொஞ்ச வருசமா கார்த்திகை மழை வலுத்தா பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து எனக்குப் போன் வரும். சுசீந்திரத்துல இருந்து உள்ள தள்ளி, வயலும் குளமுமா கெடக்குத ஊரு எங்களுது. குளத்துக் கரைக்கு அடியில ரெண்டு குடியிருப்பு. ஒண்ணு குளத்தடித் தெரு. நாப்பது வீடு, ஓடும் ஆஸ்பெஸ்டாஸும், எல்லாம் கூலி வேலைக்காரங்க. என் வீடும் அங்கதான். இன்னொண்ணு லேக் வியூ நகர். வெளிநாட்டுப் பணத்துலயும் ரிட்டயர்டு பணத்துலயும் எழும்புன மாடி வீடுக. குளம் நெறைஞ்சா மிச்சத் தண்ணி போற மறுகால் ஓடைய மண் போட்டு மூடித்தான் அந்த நகரே வந்துது. போன கார்த்திகையில மூணு நாள் இந்த ரெண்டு எடத்துக்கும் வெள்ள எச்சரிக்கை சொல்லித் திரிஞ்ச பாட்டைக் கேளுங்க.

மேலிடத்துக் காகிதம்

முதல் நாள் காலைல பஞ்சாயத்து கிளார்க் ஒரு காகிதத்தைத் தந்து, மேல இருந்து வந்தது, ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னாரு. வாசிச்சுப் பாத்தேன். “தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” மூச்சு விடாம சொல்லி முடிக்குததுக்குள்ள பாதித் தெரு தாண்டிரும். எந்த எடம், எப்பப் போணும், ஒண்ணும் அதுல கெடையாது. பள்ளிக்கூடத்துல முகாம்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடட்டான்னு கேட்டேன். முகாமுக்கு இன்னும் உத்தரவு வரல்ல, வந்தா அதுக்கு வேற காகிதம் தருவேன்னுட்டாரு.

குளத்தடித் தெருவுல நாலு தடவ வாசிச்சேன். பாக்கியம் அக்கா வாசல்ல வந்து நின்னு முழுசாக் கேட்டா. கல்யாண வீடுகள்ல பாத்திரம் கழுவுதவ அவ. வீட்டுக்காரர் பொன்னுமணி வாதம் வந்து நாலு வருசமா கட்டில்ல கெடக்காரு. நான் முடிச்சதும் அக்கா பக்கத்துல வந்து பைய கேட்டா: “எல்லாம் சரிதான் மக்கா, இந்தப் பாதுகாப்பான எடத்துக்கு எந்த பஸ்ஸுல ஏறணும்?”

நாக்குப் பழக்கம்

காலைல இருந்து ஒரே காகிதத்தை வாசிச்சா புத்தி உறங்கிரும், நாக்கு மட்டும் ஓடும். அண்ணைக்கு சாயங்காலம் ஜங்ஷன்ல கனமழை எச்சரிக்கைன்னு ஒழுங்காத்தான் தொடங்கினேன். குளத்துல தண்ணி கூடுதுன்னும் சொன்னேன். கடைசியில என்னை அறியாம, “முந்துங்கள், இந்த வாய்ப்பு சில நாட்கள் மட்டுமே”ன்னு முடிச்சுட்டேன். அந்த வரிய மாசத்துக்கு நூறு தடவ சொல்லுத நாக்கு, அதுமேல குத்தம் சொல்ல முடியாது.

மாத்திச் சொல்லலாம்னு பாத்தா, மழைக்கு ஒதுங்கி நின்ன கூட்டம் பூராவும் சிரிக்கு. டீக்கடை வேலப்பன் கிளாசைக் கழுவிட்டே கேட்டாரு: “ஏலே தாசு, ரெண்டு வெள்ளம் எடுத்தா ஒண்ணு ஃப்ரீயா?”

மேட்டு மனை

ரெண்டாம் நாள் காலைல லேக் வியூ நகருக்குள்ள போனேன். முதல் வரி முடியல்ல, குடையோட நல்லபெருமாள் சார் கேட்டைத் திறந்து வந்துட்டாரு. பெரிய உத்தியோகத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு, அந்த நகர்ச் சங்கத்துக்குத் தலைவரு. மைக்கை அணைக்கச் சொன்னாரு. நாய் பயப்படுதாம். அதுவும் போவட்டும், “தாழ்வான பகுதி”ன்னு இங்க நின்னு சொல்லக் கூடாதாம். மனை வாங்க வாறவன் காதுல விழுந்தா சென்ட் விலை எறங்கிருமாம்.

எனக்குச் சுள்ளுன்னு வந்துது. மறுகால்ல வீட்டைக் கெட்டிப்போட்டு, தண்ணிய வேற விலாசம் தேடிப் போவச் சொல்லுதியளா சாருன்னு கேட்டுட்டேன். அவரு கோவப்படல்ல. ஆட்டோவைச் சுத்திப் பாத்தாரு, என்னை ஏற எறங்கப் பாத்தாரு, பெறவு சொன்னாரு: “குளிர்ந்த காத்து, குளக்கரைக் காட்சி, மேட்டு மனைன்னு அஞ்சு வருசத்துக்கு முன்னால இதே ஆட்டோவுல கூவி வித்தது நீருதானவே?”

வள்ளம் வந்தது

நெசம்தான். வித்தது நான்தான். நல்ல வேளையா அப்பப் பஞ்சாயத்து ஆபீஸ்ல இருந்து போன் வந்துது. பெரிய அதிகாரி வெள்ளம் பாக்க வாறாரு, எச்சரிக்கைய நிறுத்திட்டு வரவேற்பு சொல்லணும்னு. ரெண்டு மணி நேரம் “வருக வருக”ன்னு கத்துனேன். அந்த ரெண்டு மணி நேரமும் குளத்துல தண்ணி கூடிட்டேதான் இருந்துது, அதுக்கு யாரும் வரவேற்பு சொல்லல்ல.

அதிகாரி படகுல போய் பாத்த மாதிரி போட்டோ வேணும்னு, கடற்கரையில இருந்து லாரியில ஒரு வள்ளம் கொண்டாந்திருந்தாவ. கூட நாலு மீனவங்க. எங்க எந்தத் தண்ணியானாலும் சனத்தை இழுத்துப் போடுததுக்கு முதல்ல உள்ள சாடிக் குதிக்குதவங்க அவங்கதான். அவங்களை ரோட்டோரம் கணுக்கால் தண்ணியில வள்ளத்தை எறக்கச் சொன்னா என்ன செய்வாவ. அதிகாரி ஏறி இருந்ததும் வள்ளம் தரையில இருந்து ஒரு அங்குலம் அசையல்ல. மீனவங்கள்ல மூத்தவரு சூசை தலையில கெட்டுன துண்டை அவுத்துத் தோள்ல போட்டுட்டு, ரொம்ப மரியாதையாச் சொன்னாரு: “சார், இன்னும் கொஞ்சம் வெள்ளம் வந்த பெறவு வாருங்க, நாங்க இங்கதான் நிப்போம்.”

என் வீட்டு வாசல்

மூணாம் நாள் காலைல குளத்தடித் தெருவுல என் வீட்டு முன்னால நின்னும் வாசிச்சேன். வீட்டுக்காரி லீலா வாசல்ல வந்து நின்னா. நீயாவது சாமானைக் கெட்டி பள்ளிக்கூடத்துப் பக்கம் போ, நீ போனா நாலு பேரு போவாவன்னு சொன்னேன். மைக் திறந்து கெடந்தது எனக்கு ஓர்மையில்ல. நான் கெஞ்சுனது தெரு முழுக்கக் கேட்டுட்டு.

அவ மைக்கைப் பாத்தா, தெருவைப் பாத்தா, பெறவு எல்லாருக்கும் கேக்குத மாதிரிச் சொன்னா: “இஞ்சேருங்க, இருவது வருசமா இன்றே கடைசி, இன்றே கடைசின்னு சொல்லுதிய, எது கடைசியாச்சு?”

கைரேகை

அண்ணைக்கு மத்தியானம் ரெண்டரை மணி இருக்கும். குளத்து மடையப் பாக்குத செல்லப்பன் சைக்கிளைப் போட்டுட்டு ஓடி வந்தான். எங்க தெருவுக்கு நேர் மேல கரையில ஓட்டை விழுந்து கலங்கல் தண்ணி வருது, மணல் மூட்டை போட்டும் நிக்கல்ல, மறுகால் அடைஞ்சு கெடக்குததுனால தண்ணிக்குப் போக்கெடம் இல்ல, சாயங்காலம் வரைக்கும் தாங்காதுன்னான். எங்க ஊரு வி.ஏ.ஓ., வேலைக்குச் சேந்து ஆறு மாசம் ஆன பொம்பளப் பிள்ளை. மேலிடத்துக்கு அடிச்சு அடிச்சுப் பாக்கா, லைன் கெடைக்கல்ல. கடைசியில பள்ளிக்கூடத்துச் சாவிய அவளே வாங்கித் திறந்துட்டு, “எப்படியாவது எல்லாரையும் ஏத்துங்க அண்ணா”ன்னா. கண்ணு கலங்கியிருந்துது.

காகிதத்தைச் சுருட்டிப் போட்டுட்டு என் சொந்தத் தமிழ்லயே கத்துனேன். கரை உடையப் போவுது, எந்திரிச்சு வாங்கன்னு. ஒருத்தன் ஆட்டைக் காட்டுதான். ஒருத்தி அடுப்புல வேவுத கெழங்கைக் காட்டுதா. போன வருசமும் இதைத்தான் சொன்னீரு, பள்ளிக்கூட வராந்தாவுல நனைஞ்சு கெடந்ததுதான் மிச்சம்னு ஒருத்தரு. அவிய சொன்னதுலயும் தப்பில்ல, போன வருசம் நடந்தது அதுதான். பாக்கியம் அக்கா கட்டில் பக்கத்துல இருந்துட்டு, இவரை விட்டுட்டு நான் எங்க போவ, நீ போ மக்கான்னா. கரையில இருந்து அந்தக் கட்டிலுக்கு அம்பது அடி தூரம் இருக்காது.

அப்பதான் அந்தப் பொய் வாயில வந்துது. மைக்கைப் பிடிச்சு, காகிதத்துத் தமிழ்ல, கிளார்க்கு குரல்ல சொன்னேன்: “வெள்ள நிவாரணத்திற்குப் பள்ளியில் பெயர் பதிவு நடைபெறுகிறது. குடும்ப அட்டையில் உள்ள அனைவரும் நேரில் வந்து கைரேகை வைத்தல் வேண்டும். பதிவு நான்கு மணியுடன் முடிவடையும்.” ரேஷன் கடையில ரேகை விழாமத் திரும்பி வந்த சனத்துக்கு அது போதும். ஆடும் மறந்துபோச்சு, கெழங்கும் மறந்துபோச்சு. பாக்கியம் அக்கா ஆட்டோவை மறிச்சு, ரெண்டு ஆம்பிளைகளைக் கூப்பிட்டு, பொன்னுமணியத் தூக்கி ஸ்பீக்கருக்கும் பேட்டரிக்கும் எடையில ஏத்துனா. அவரைக் கொண்டு பள்ளிக்கூடத்துல போய்ச் சேந்தா, எனக்கு முன்னால, ஸ்பீக்கர் சத்தம் கேட்டு வந்த லேக் வியூ காருக வரிசையா நிக்கு. வரிசையில முதல் ஆளு நல்லபெருமாள் சார், கையில ரேஷன் கார்டு. என்னைப் பாத்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டு, தானாவே சொன்னாரு: “எங்களுக்கு இது தேவையில்லவே, ஆனாலும் உரிமைய விட்டுக்குடுக்கக் கூடாதுல்லா.”

ஊர் கூடி எழுதிய மனு

நாலே முக்காலுக்குக் கரை உடைஞ்சுது. பள்ளிக்கூடத்து மேட்டுல நின்னு பாத்தோம். எங்க தெருவுல ஆள் மட்டத்துக்குத் தண்ணி போவுது. லேக் வியூ நகர்ல கீழ்த்தளம் பூராவும் முங்கிட்டு. என் வீட்டுப் பின்சுவரு விழுந்தது கண்ணுக்கு நேராத் தெரிஞ்சுது. வி.ஏ.ஓ. பிள்ளை வீடு வீடாப் பேரு கூப்பிட்டு ரெண்டு தடவ பாத்தா, எல்லாரும் இருந்தாவ. நான் கக்கூஸ் பின்பக்கம் போய் நின்னு அழுதேன். வெக்கப்பட ஒண்ணுமில்ல, அழுகை வந்துது, அழுதேன்.

ஒரு மணி நேரம் எல்லாருக்கும் பயம் இருந்துது. பெறவு சூடா கட்டஞ்சாயா வந்துது, பயம் போச்சு, ரேகை வைக்குத மிஷின் எங்கன்னு கேள்வி வந்துது. அப்படி ஒண்ணு இல்லன்னு வி.ஏ.ஓ. சொன்னா. யாரு சொன்னதுன்னு கேட்டா. இருநூறு வெரலு என் பக்கம் திரும்பிச்சு. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு வெள்ளைக் காகிதமும் பேனாவும் கெடைச்சா மனு எழுதாம இருக்க முடியுமா? நல்லபெருமாள் சார் அங்க பெஞ்சுல இருந்தே எழுதிட்டாரு. அரசின் பேரால் பொய் அறிவிப்பு செய்த நபரின் மைக் அனுமதியை ரத்து செய்யக் கோரி. கையெழுத்து அழகான கையெழுத்து.

கூட்டம் சளசளன்னு கெடந்துதா, கையெழுத்துப் போட ஆளைக் கூப்பிட முடியல்ல. என்னையே மைக்ல சொல்லச் சொன்னாவ. சொன்னேன். “மனுவில் இதுவரை கையெழுத்திடாதவர்கள் உடனே வரவும்”னு மூணு தடவ சொன்னேன். தொழில்னு வந்தா தொழில்தான். லீலாவும் ரேஷன் கார்டோடதான் வந்திருந்தா. புருசன் பேச்சை நம்பி அவ ஒரு காரியம் செஞ்சது கல்யாணத்துக்குப் பெறவு அதுதான் முதல் தடவ. மனுவுல நாலாவது கையெழுத்து அவளுது. என்ன பிள்ளே இதுன்னு கேட்டேன். “ஊரு கூடி ஒண்ணு செய்யும்போது நாம மட்டும் விலகி நின்னா நல்லாருக்காது கேட்டியளா”ன்னா.

விசாரணை

பத்து நாள் கழிச்சு தாலுகா ஆபீஸுக்குக் கூப்பிட்டாவ. மைக் அனுமதி போனா எனக்கு வேற தொழில் தெரியாது, விழுந்த சுவரைக் கெட்டணும், பிள்ளைக்குக் காலேஜ் கெடக்கு. நல்லது செஞ்சோம்னு மனசு சொல்லுது, அரசாங்கத்துப் பேருல பொய் சொன்னோம்னும் அதே மனசு சொல்லுது. தாசில்தார் அம்மா மதுரைப் பக்கத்துக்காரங்க. ஒரு கையில மனு, இன்னொரு கையில எங்க தெரு, அந்த நகர் ரெண்டு எடத்துக்கும் உள்ள குடும்பப் பட்டியல். அதையும் இதையும் ஒத்துப் பாத்து, பேனாவால ஒவ்வொரு பேரா குறிச்சுட்டே வந்தாங்க. என்னை ஏறிட்டே பாக்கல்ல.

பொன்னுமணி பேருக்கு வந்ததும் பேனா நின்னுது. மனுவோட கடைசிப் பக்கத்துல ஒரு பெருவிரல் ரேகை, மை இழுகிக் கெடந்துது. படுத்த படுக்கைன்னு எழுதியிருக்கே, இவர் எப்படி வந்தாருன்னு கேட்டாங்க. என் ஆட்டோவுலதாம்மான்னேன். பொய் சொன்னது தப்புதானன்னு கேட்டாங்க. தப்புதாம்மான்னேன். எழுத்து மூலமா ஒரு எச்சரிக்கை தருவேன், வாங்கிட்டுப் போயி ஆட்டோவை ஓட்டுங்கன்னாங்க. பெறவு பட்டியலை இன்னொரு தடவ மேல இருந்து கீழ பாத்துட்டு, எங்கிட்ட சொன்ன மாதிரியும் இல்ல, தனக்கே சொன்ன மாதிரியும் இல்ல, சொன்னாங்க: “எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, அப்ப எல்லாரும் இருக்காங்க.”

மூணு நாள் நான் சொன்ன நெசத்துக்கு ஒரு காதும் திரும்பல்ல, ரெண்டு நிமிசப் பொய்க்கு ஊரே கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கு, இந்தத் தொழில்ல இதுக்கு மேல ஒரு சான்றிதழ் யாருக்குக் கெடைக்கும் சொல்லுங்க.