குசினி கட்ட யாரிடம் கேட்க வேண்டும்?

இங்கே விற்பனைக்கு இருக்கும் புது வீட்டைப் பார்க்கப் போனால் சப்பாத்தைக் கழற்ற வேண்டியதில்லை. அதன்மேல் நீல பிளாஸ்டிக் உறை மாட்டிவிடுகிறார்கள். நானும் மனைவி மேரியும் பழக்கதோஷத்தில் வாசலிலேயே கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனோம். விற்பனைப் பெண் உறைகளோடு பின்னாலேயே வந்தாள். அவள் மனம் நோகாமலிருக்க, காலுறைமேல் அவற்றை மாட்டிக்கொண்டு நடந்தோம். சாப்பாட்டு மேசையில் ரொட்டி இருந்தது. மேரி தொட்டுப் பார்த்தாள், அதுவும் பிளாஸ்டிக்.

லெஸ்டர் நகரின் ஓரத்தில் இருந்த அந்த வீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுவரில் ஈரமில்லை, ஜன்னலிடுக்கில் காற்றில்லை. ஊரில், நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் பிறந்தவள் மேரி. மழை இரவுகளில் தகர ஓட்டைக்கு நேராகச் சட்டி வைத்துவிட்டுப் படுத்தவள்.

"ஒழுகுற கூரைக்குக் கீழயே வளந்தாச்சுங்க. இங்கயும் ஒரு பழைய வீட்டுக்கு என்னைய இழுக்காதீங்க," என்றாள்.

நியாயம்தான். ஆனால் கையெழுத்திடுமுன் எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என் வழக்கம். பின்பக்கம் சமைக்கச் சின்னதாக ஒரு குசினி இழுத்துக் கட்டுவதானால் யாரிடம் கேட்க வேண்டும் என்றேன். கேட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. சொந்த வீடு வாங்க வந்தவன் கேட்கும் கேள்வியா அது? அந்தப் பெண்ணோ மகிழ்ந்துபோனாள். இந்தக் குடியிருப்பின் நிர்வாகக் கம்பனிக்கு எழுதிக் கேட்க வேண்டும், கதவின் நிறத்தை மாற்றவும் முன்னால் வேலி போடவும் அப்படியே என்றாள். மற்றபடி வீடு உங்களுடையதுதான் என்று சேர்த்துக்கொண்டாள்.

என் அப்பா எங்கள் ஒற்றையறை லயத்துக் காம்பராவின் பின்னால் ஒரு குசினி கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றிலிருந்து கல் சுமந்தார், லுணுகலையில் தகரம் வாங்கினார். அம்மா அதில் நிமிர்ந்து நின்று சமைத்தது ஒரு மாதம்கூட இருக்காது. தோட்ட நிர்வாகியான தொரையிடம் கேட்காமல் கட்டியது என்று பிரிக்க ஆள் அனுப்பினார்கள். அப்பா யாரிடமும் கெஞ்சவில்லை. தகரம் நெளிந்துவிடக்கூடாதென்று தானே கூரையேறி ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார்.

திரும்பும் வழியில் காருக்குள் மேரி கேட்டாள்: "அப்ப இந்த வீட்டுக்கும் ஒரு தொரை இருக்காரா?"

அடுத்த சனிக்கிழமை ஒரு பழைய செங்கல் வீட்டைப் பார்த்தோம். படிகள் முனகின. வீட்டுக்காரக் கிழவரிடமும் குசினிக் கேள்வியையே கேட்டேன். அவர் குழம்பிப்போனார். "வீட்டை விற்றபிறகு என்னிடம் ஏன் கேட்கிறாய்?" என்றார். விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டார். "பெரிதாகக் கட்டினால் நகரசபையிடம் கேள். சின்னதென்றால் உன் மனைவியிடம் கேள்."

மேரி பின்னறைச் சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "ஈரம் நல்லாவே இருக்கு. கூரைய மொதல்ல பாக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டதான கேக்கணும்? கேளுங்க."

கேட்டேன். "கட்டிக்கிருங்க," என்றாள், தொரை மாதிரியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

அந்தச் செங்கல் வீட்டின் சாவி கிடைத்த அன்று அம்மாவை வீடியோவில் அழைத்தேன். தம்பி இன்னும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்வதால் அம்மாவுக்கு அந்தக் காம்பரா இருக்கிறது. அறைகளைக் காட்டினேன், அவருக்குப் பொறுமையில்லை.

"சொவரெல்லாம் கெடக்கட்டும்டா. மண்ணக் காட்டு."

பின்புறம் போய் ஒரு பிடி அள்ளிக் காட்டினேன்.

"கறுப்பா, களி மாதிரி இருக்கே. தேயிலைக்கு ஆகாது," என்றார். உடனே கழுத்தைத் திருப்பிக் கூவினார்: "ஏய், எல்லாரும் வாங்கடி! எம்மகன் மண்ணு வாங்கியிருக்கான், வந்து பாருங்க!"

லயமே கைபேசிக்குள் நெருக்கியடித்தது. என்னைத் தூக்கி வளர்த்த முகங்கள். அவற்றின் பின்னால் தோட்டத்துக்குச் சொந்தமான சுண்ணாம்புச் சுவர். அந்த மலையில்தான் அப்பாவைப் புதைத்தோம். அங்கே எங்களுக்கென்று ஒரு சாண் நிலம் கிடையாது. இங்கே என் உள்ளங்கையில் என் மண் குளிர்ந்து கிடந்தது. எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை கையைத் தாழ்த்தாமல் நின்றேன்.