ரெவனான் என்றால் திரும்பி வந்தவன்

ஊரிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய மறுநாள் காலை ரொட்டிக்கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பெண் என்னைப் பார்த்ததும், "அட, ஒரு ரெவனான்!" என்று சிரித்தாள். என் பிரெஞ்சு நான் வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போதும். அதற்கு மேல் வராது. ஆனாலும் ரெவனீர் என்றால் திரும்பி வருதல் என்று தெரியும். அப்படியானால் ரெவனான், திரும்பி வந்தவன். கடலூரில் ஒரு மாதம் இருந்தேன். அங்கே யாரும் என்னை அப்படிச் சொல்லவில்லை.

சொல்லவைக்கத்தான் போயிருந்தேன். ஆண்டு இறுதியில் ஓய்வு. கடலூர் செம்மண்டலத்தில் அப்பா கட்டிய வீட்டின் மாடியறையில் தங்கிவிடலாம் என்று எண்ணம். முதல் நாளே தம்பி மனைவி காபியை வைத்துவிட்டு, "எப்ப மாமா ரிட்டர்ன் டிக்கெட்டு?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். தம்பி டிவி சத்தத்தைக் குறைக்காமலே பேசினான்.

"இங்க வெயில் ஜாஸ்திண்ணே, உனக்கு ஒத்துக்காது. பையனுக்குக் கல்யாணம் ஆனா மாடி வேணுமில்ல?"

பையன் பிளஸ் டூ படிக்கிறான்.

சிதம்பரத்தில் என்னோடு முன்பு பத்திரிகையில் இருந்த மாரியைப் பார்த்தேன். டீக்கடையில் நின்றபடி கேட்டுவிட்டு, "வருசா வருசம் ஆடி மாசம் வர்ற, கறிசோறு துன்னுட்டுப் போயிடுற. அதான் மச்சான் உனக்கு மரியாதை. தங்கப்போறேன்னா பயந்துக்க மாட்டாங்களா?" என்றான். அவன் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

ரொட்டிக்கடைப் பெண் சொன்ன அதே சொல்லை அந்த வாரம் நகர நூலகத்தின் கதவில் பார்த்தேன். 'ரெவனான்கள்: பழைய படங்கள் இரண்டு, ஒரே டிக்கெட்.' எழுத்து மட்டும்தான், படம் எதுவும் இல்லை. நம்மைப் போன்றவர்களைப் பற்றிய படங்கள் என்று நினைத்து ஞாயிறு மதியம் போய் உட்கார்ந்தேன். இரண்டும் பேசாப் படங்கள். ஓரத்தில் ஒருவர் பியானோ வாசித்தார். முதல் படத்தில் புதைக்கப்பட்டவன் எழுந்து தன் வீட்டுக்கு நடந்தான். மனைவி தாழ்ப்பாள் போட்டாள். இரண்டாவதில் கடலில் போனவன் சொட்டச் சொட்ட வந்து நின்றான். சாப்பாட்டு மேசையில் அவனுக்குத் தட்டு இல்லை. வெள்ளைப் பவுடர் அப்பிய அந்த முகத்தைப் பார்த்து அரங்கம் சிரித்தது. தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

வெளியே வரும்போது டிக்கெட் கிழித்த அம்மாளிடம், "நானும் ரெவனான்தான்" என்றேன். அவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார். "இல்லை முசியே, சூடாக இருக்கிறீர்கள்!" பிறகுதான் விளக்கினார். ரெவனான் என்றால் பேய். நெடுநாள் காணாதவரைக் கேலியாகவும் அப்படிச் சொல்வார்களாம்.

பத்திரிகையில் பிழை திருத்துநராக இருந்தவனுக்கு விடுபட்ட சொல் முதலில் கண்ணில் படும். கடலூரிலிருந்து கிளம்பிய நாளன்று வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்றேன். நம் பக்கத்தில் யாரும் வெறுமனே போறேன் என்று சொல்வதில்லை. பதிலும் அப்படித்தான் வரும், போயிட்டு வா என்று. தம்பி பெட்டியைக் காரில் வைத்துவிட்டு, "சரிண்ணே, பாத்துப் போ" என்றான். அதில் 'வா' இல்லை.

படம் பார்த்த மறுநாள் ரொட்டிக்கடையில் மீதிச் சில்லறையைக் கொடுத்த பெண், "ஆ துமேன்" என்றாள். நாளை பார்ப்போம் என்று பொருள். எல்லோரிடமும் சொல்வதுதான், தெரியும். நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்றேன், தமிழிலேயே.

"பார்தோன்?" என்றாள், என்ன சொன்னீர்கள் என்று. அதற்குள் எனக்குப் பின்னால் நின்றவர் கல்லாவில் காசை வைத்துவிட்டார்.